பிறவாதோர்க்குப் பட்ட கடன்

செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி இன்று பெரும்பாலும் பொறியாளரிடமும் முதலீட்டாளரிடமும் விடப்பட்டிருக்கிறது. ஆனால் இன்று வாழ்வோர் தம் பயனுக்காகச் செலவிடும் ஆற்றலின் சுமையை இன்னும் பிறக்காதவர் தலையில் ஏற்றிவைக்க என்ன உரிமை பெற்றிருக்கிறார்கள் என்ற பழைய அறக்கேள்வி ஒன்று அதனுள் பொதிந்திருக்கிறது. அதற்கு அவ்விரு துறையினரிடமும் விடையில்லை. தரவு மையம் என்பது பல்லாயிரம் கணினிகள் இரவும் பகலும் ஓயாமல் இயங்குவதற்கென்றே எழுப்பப்படும் கட்டடம். அதற்குள் நுழையும் மின்சாரத்தில் பெரும்பகுதி கணிப்புக்குச் செலவாகி வெப்பமாக மாற, எஞ்சியதில் கணிசமான பங்கு அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கே செலவாகிறது. பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் தரவு மையங்கள் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின. உலக மின்நுகர்வில் இது ஏறக்குறைய 1.5 விழுக்காடு. 2030ஆம் ஆண்டில் இந்த அளவு 94,500 கோடி யூனிட்டாக உயரக்கூடும் என்றும், இந்த உயர்வுக்குச் செயற்கை நுண்ணறிவே முதன்மைக் காரணம் என்றும் அவ்வறிக்கை கணிக்கிறது.

இத்தகைய எண்கள் பருவமழை முன்னறிவிப்பைப் போலச் சொல்லப்படுகின்றன, அவ்வாறே கேட்டுக்கொள்ளவும் படுகின்றன: இவ்வளவு வரப்போகிறது, அதற்கேற்ப ஆயத்தமாக வேண்டும் என்பதுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் இந்த எண்ணின் ஒவ்வொரு பகுதியும் யாரோ எடுத்த முடிவு. இன்ன அளவுள்ள நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிப்பது, அதைக் கேட்காதவருக்கும் தேடுபொறியின் வழியாகவும் கைப்பேசியின் வழியாகவும் கொண்டுசேர்ப்பது, போட்டி நிறுவனம் கட்டுவதைவிடப் பெரிதாகக் கட்டுவது என்று ஒருசில நிறுவனங்களின் உயர்மட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகளின் கூட்டுத்தொகையே பிறகு நாட்டின் மின்தேவை என்ற பெயரைப் பெறுகிறது. இயற்கை நிகழ்ச்சிக்கு எவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, முடிவுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாடு மறைந்துபோவதால் விளையும் அறக்குழப்பத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஓர் அணுமின் நிலையத்தின் வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்குக்குத் தெற்கே, சஸ்குவெஹானா ஆற்றின் நடுவிலுள்ள திரீ மைல் ஐலண்ட் என்னும் தீவில் இரண்டு அணு உலைகள் இருந்தன. 1979 மார்ச் 28 விடியற்காலையில் இரண்டாம் உலையில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ள, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருப்பதை அறியாத பணியாளர்கள் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி அவசர நீர்வரத்தையும் குறைத்துவிட, உலையின் உட்கருவில் ஒரு பகுதி உருகியது. இரண்டு நாள் கழித்து, மாநில ஆளுநர் டிக் தார்ன்பர்க் அந்நிலையத்தைச் சுற்றி ஐந்து மைல் வட்டத்துக்குள் இருந்த கருவுற்ற பெண்களும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அறிவித்தார். கதிர்வீச்சு வளரும் உடலையே மிகுதியாகத் தாக்கும் என்பது அதற்கான மருத்துவக் காரணம். எனினும் ஆபத்து வேளையில் ஓர் அரசு முதலில் நினைத்துப் பார்த்தவர்களுள் பிறக்காத குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை இவ்வாய்வில் மறந்துவிடக் கூடாது.

விபத்தின்போது எரிபொருள் மாற்றத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த முதல் உலைக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆயினும் 1982இல் நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களின் மக்கள் அதை நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்று பெரும் வித்தியாசத்தில் வாக்களித்தனர். அவ்வாக்கெடுப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை இல்லாததால், அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் அளிக்க, 1985 அக்டோபரில் உலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் அது மூடப்பட்டதற்குக் காரணம் அச்சமன்று, விலை: பென்சில்வேனியாவின் பாறை அடுக்குகளிலிருந்து வந்த மலிவான இயற்கை வாயுவோடு அதனால் போட்டியிட முடியவில்லை. 2024 செப்டம்பரில் அதன் உரிமையாளரான கான்ஸ்டலேஷன் நிறுவனம், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஏறத்தாழ 835 மெகாவாட் திறனுள்ள அவ்வுலையைக் கிரேன் தூய எரிசக்தி மையம் என்ற புதுப் பெயரில் மீண்டும் திறக்கப்போவதாக அறிவித்தது. 2025 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை இதற்கென 100 கோடி டாலர் கடன் வழங்க முன்வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்க வேண்டும். அந்த உலையிலிருந்து புறப்படும் மின்சாரம் தனிக் கம்பி வழியாக மைக்ரோசாஃப்ட்டின் கட்டடத்துக்குப் போவதில்லை. பதின்மூன்று மாநிலங்களுக்கும் வாஷிங்டன் தலைநகருக்கும் பொதுவாக உள்ள பிஜேஎம் என்ற மின்தொகுப்பில் அது கலந்துவிடுகிறது. அத்தொகுப்பிலிருந்து தன் தரவு மையங்கள் எடுக்கும் மின்சாரத்துக்கு ஈடாகக் கரிமமற்ற மின்சாரம் அதில் சேர்ந்திருக்கிறது என்று அந்நிறுவனம் கணக்குக் காட்ட முடியும், அவ்வளவே. எனவே இந்த ஒப்பந்தத்தின் பொருள் முழுவதும் கணக்கைச் சார்ந்தது. கணக்கில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்பது அதன் சொந்த முறைக்குள் நின்று கேட்பதேயாகும்.

விடப்பட்டது கழிவு. ஆயிரம் மெகாவாட் திறனுள்ள உலை ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 டன் எரிபொருளைப் பயன்படுத்தி முடித்து வெளியேற்றுகிறது. அதில் உள்ள புளூட்டோனியம் 239 என்ற ஓரிடத்தானின் அரை ஆயுள், அதாவது அதன் பாதியளவு சிதைந்து வேறாக மாறப் பிடிக்கும் காலம், ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். 1982இல் இயற்றப்பட்ட அணுக்கழிவுக் கொள்கைச் சட்டத்தின்படி 1998 ஜனவரி 31 முதல் நாட்டின் எல்லா நிலையங்களிலிருந்தும் இக்கழிவைக் கூட்டரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கென 1987இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நெவாடா மாநிலத்து யக்கா மலைத் திட்டம் அரசியல் எதிர்ப்பால் நின்றுபோக, கழிவு இன்றுவரை அந்தந்த நிலையத்திலேயே எஃகும் கான்கிரீட்டும் கொண்ட கலங்களில் அடைபட்டுக் கிடக்கிறது. வாக்குத் தவறியதற்காக அரசு மின்நிறுவனங்களுக்கு இதுவரை ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்தியிருக்கிறது. யக்கா மலைக்கான பாதுகாப்பு விதியை வகுத்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதலில் பத்தாயிரம் ஆண்டுகளையே வரம்பாகக் கொண்டிருந்தது. 2004இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அது போதாது என்று தள்ளிவிட, 2008இல் அவ்வரம்பு பத்து லட்சம் ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு வாழக்கூடிய ஒருவருக்கும் தீங்கு நேரக் கூடாது என்று ஒரு நாட்டின் சட்டம் ஏட்டளவிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது மனித அறவரலாற்றில் வியக்கத்தக்க நிகழ்ச்சி. அதே நாட்டில் அக்கழிவை உண்டாக்கும் ஒப்பந்தத்தின் நீளம் 20 ஆண்டு.

இதனால் அணுமின்சாரமே தீயது என்ற முடிவுக்கு வந்துவிடுவது நேர்மையாகாது. கலங்களில் அடைத்து வைக்கப்பட்ட கழிவின் பருமன் சிறியது, அது இருக்குமிடம் தெரியும், அதற்குக் காவல் உண்டு. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் தன் தரவு மையத்துக்கென 2024இல் கொண்டுவந்து இறக்கிய வாயு டர்பைன்களைப் போன்றவை உமிழும் கரிமத்துக்கோ கலமும் இல்லை, காவலும் இல்லை. வளிமண்டலத்தில் சேரும் கரிம வாயுவின் ஒரு பங்கு பல்லாயிரம் ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறது. சூரிய ஒளியும் காற்றும் மின்கல அடுக்குகளும் சுமையைப் பெரிதும் குறைக்கும் என்றாலும், இரவும் பகலும் ஒரே அளவில் மின்சாரம் கேட்கும் கட்டடங்கள் இத்தனை விரைவாகப் பெருகும்போது, அவை மட்டுமே ஈடுகொடுக்கும் என்று எவரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் எதிர்காலத்தின்மீது ஏதோ ஒரு சுமை ஏறுகிறது. அச்சுமைக்கு நியாயம் எது என்பதே கேள்வி.

திரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்த அதே 1979ஆம் ஆண்டில் ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவ அறிஞர் பொறுப்பைப் பற்றிய தம் பெருநூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் தாயை இழந்து, நியூயார்க்கில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர் அவர். அதுவரை எழுந்த அறநூல்கள் எல்லாம் அண்டை வீட்டாரையும் உடன் வாழ்வோரையும் மட்டுமே கருத்தில் கொண்டவை. மனிதச் செயலின் விளைவு காலத்தில் இவ்வளவு தூரம் எட்டாதபோது அது போதுமானதாக இருந்தது. தொழில்நுட்பம் அந்த எட்டத்தை மாற்றிவிட்டதால், பூமியில் மெய்யான மனித வாழ்வு தொடர இடமளிக்கும் வகையில் செயல்படுவதே முதற்கடமை என்பது அவர் வாதம். பொறுப்பின் மூல வடிவமாக அவர் சுட்டியது பச்சிளங்குழந்தை: அது மூச்சுவிடுவதே சுற்றியிருப்போருக்குக் கட்டளையாகிவிடுகிறது. ஆனால் யோனாஸின் குழந்தை தொட்டிலில் கிடக்கிறது, அதைக் கண்ணால் காண முடியும். பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு பிறப்பவர் யார் என்பதை எவரும் அறியார்; இந்த இடத்தில்தான் சிக்கல் முற்றுகிறது.

அச்சிக்கலை அதன் கடைசி எல்லைவரை கொண்டுசென்றவர் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட். 1984இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைத் தருகிறார். அது அணுக்கழிவைப் பற்றியதாகவே அமைந்திருப்பது தற்செயல் அன்று. ஒரு சமுதாயம் இரண்டு எரிசக்திக் கொள்கைகளுள் ஒன்றைத் தேர வேண்டியிருக்கிறது. ஒன்று என்றும் ஆபத்தில்லாதது. மற்றொன்று அடுத்த நூற்றாண்டில் வாழ்க்கை வசதியைச் சற்று உயர்த்தும், ஆனால் தொலைதூர எதிர்காலத்தில் புதைத்த கழிவினால் ஆபத்துண்டு. இரண்டாவதே தேர்ந்தெடுக்கப்படுகிறது, பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு நிலநடுக்கத்தில் கழிவு வெளிப்பட்டுப் பல்லாயிரவர் மடிகிறார்கள். தவறு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கொள்கை மாறினால் யார் எங்கே வேலை செய்கிறார், யாரைச் சந்திக்கிறார், யாரை எப்போது மணக்கிறார் என்பதும் மாறும். சில தலைமுறைகளில் பிறக்கும் மனிதர் அனைவருமே வேறாகிவிடுவர். அந்த நிலநடுக்கத்தில் மடிந்தவர்கள், ஆபத்தில்லாத கொள்கை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் பிறந்தே இருக்கமாட்டார்கள். வாழத் தகுந்த வாழ்க்கை ஒன்றைப் பெற்றிருந்த அவர்கள், தாம் பிறக்கவே காரணமான கொள்கை தமக்குத் தீங்கிழைத்தது என்று எப்படி முறையிட முடியும்? முறையிட எவரும் இல்லாத செயலை எதைக்கொண்டு தவறு என்பது? தவறுதான் என்பதில் பார்ஃபிட்டுக்கு ஐயமில்லை. ஆனால் ஏன் தவறு என்பதை விளக்கும் கோட்பாட்டைத் தேடிய அவர், அந்நூலில் அதைத் தாம் கண்டடையவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.

பார்ஃபிட்டின் புதிரில் சிக்கிக்கொள்வது, அறத்தை எப்போதும் வாதி, பிரதிவாதி வழக்காகவே பார்க்கும் பார்வை என்று தோன்றுகிறது: பாதிக்கப்பட்டவர் ஒருவர் எழுந்து நின்றாலொழிய அங்கே குற்றமில்லை. வேறு வகையாகவும் அறத்தைப் பார்க்க முடியும். தைத்திரீய சம்கிதை, பிறக்கும்போதே மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது. முனிவர்க்குப் பட்ட கடனைக் கல்வியாலும், தேவர்க்குப் பட்டதை வேள்வியாலும், முன்னோர்க்குப் பட்டதை மக்கட்பேற்றாலும் தீர்க்க வேண்டும். அந்நூல் அந்தண ஆண்மகனை மட்டுமே முன்னிறுத்திப் பேசுகிறது என்பதும், அந்தக் குறுக்கம் ஏற்கத்தக்கதன்று என்பதும் உண்மை. ஆயினும் பிதிர்க்கடன் என்ற கருத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத் தக்கது. கடன் பட்டது இறந்தவர்களிடம். அதைத் திருப்பிச் செலுத்துவது இனி வருபவர்களிடம். பெற்றுக்கொள்பவர் யார், அவர் பெயரென்ன, அவர் வழக்குத் தொடுக்க முடியுமா என்ற கேள்விகள் அங்கே எழுவதே இல்லை. ஏனெனில் கடமை வருபவரின் உரிமையிலிருந்து தோன்றவில்லை, ஏற்கெனவே பெற்றுக்கொண்டதிலிருந்து தோன்றுகிறது. இல்லறத்தான் பேண வேண்டியவர்களை எண்ணும் வள்ளுவரும் மறைந்த முன்னோரையே முதலில் வைத்தார். தூய ஆறும் வளமண்ணும் பயன்படுத்தத்தக்க அறிவும் கொண்ட ஓர் உலகை ஒருவர் பெற்றுவிட்டார் என்றால், எவர் பிறப்பினும் அதை அவருக்குக் கடத்த வேண்டியவர் ஆகிவிடுகிறார். பார்ஃபிட்டின் நிலநடுக்கத்தில் மடிந்தவர்கள் முறையிட முடியாமல் போகலாம். கடன்பட்டவன் கடனைத் தீர்க்கவில்லை என்பது அதனால் இல்லாமல் போய்விடாது.

இதே கருத்துக்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வேறொரு வழியாக வந்துசேர்ந்தது. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர், நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரியின் செலவு குறையாது, மலிவதால் பயன் பெருகி மொத்தச் செலவு கூடும் என்று காட்டினார். 2025 ஜனவரியில் சீன நிறுவனமான டீப்சீக், குறைந்த செலவில் உருவாக்கிய மாதிரியை வெளியிட்டபோது, மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் சத்யா நாதெள்ளா ஜெவன்ஸின் இந்த முரணைத்தான் சுட்டிக்காட்டி, பயன்பாடு மேலும் பெருகும் என்றார். நாதெள்ளா குறிப்பிடாத மறுபாதி ஒன்று ஜெவன்ஸின் நூலில் உண்டு. நிலக்கரி தீர்ந்துபோவதைத் தடுக்க இயலாது என்று கண்ட ஜெவன்ஸ், அப்படியாயின் பின்வருவோர்க்கு ஈடாக நாட்டின் பொதுக்கடனையாவது இத்தலைமுறையே அடைத்துவிட வேண்டும் என்று வாதிட்டார். 1866இல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் அந்த வாதத்தை எடுத்து வலியுறுத்தினார். வருங்காலம் தங்களுக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன விடையின் சாரம் இது: முன்னோர் வருங்காலத்தை மனத்தில் வைத்துச் செய்தவை எல்லாமே இன்றிருப்போர் அனுபவிப்பவை, ஆதலால் இன்றிருப்போர் வருங்காலத்துக்கே கடன்பட்டவர். முற்றிலும் வேறான மரபில் வளர்ந்த ஒருவர் பிதிர்க்கடனின் அமைப்பையே மீண்டும் கண்டடைந்தார் என்பது, அக்கருத்து ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சான்று.

கடனாகப் பார்த்தால் ஒரு மறுப்பு எழும்: செயற்கை நுண்ணறிவே எதிர்காலத்துக்கு விட்டுச்செல்லும் செல்வமாகலாமே, அது நோய்க்கு மருந்தும் மின்கலத்துக்குப் புதிய பொருளும் கண்டுபிடித்துத் தருமானால் கழிவின் சுமை ஈடாகிவிடாதா? இம்மறுப்பை எளிதில் ஒதுக்கக் கூடாது. புரத மூலக்கூறுகளின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் முன்கணித்த பணிக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த அறிவு பின்வருவோர்க்கும் நிலைத்த சொத்து. ஆனால் மறுப்பு தன் வலிமையை எங்கிருந்து பெறுகிறது என்று பார்க்க வேண்டும்: இன்ன பயனுக்காக இந்த மின்சாரம் என்று சொல்ல முடிகிற இடத்திலிருந்தே பெறுகிறது. மருந்தாய்வுக்கும் விளம்பரப் படத்துக்கும், மொழிபெயர்ப்புக்கும் பொய்ச்செய்தி உற்பத்திக்கும் ஒரே கட்டடம், ஒரே ஒப்பந்தம், ஒரே மின்தேவை எண் என்று இருக்கும்போது, சிறந்த பயனின் பெயரால் எல்லாப் பயனும் நியாயம் பெற்றுவிடுகிறது. பயிற்றுவிக்கப்பட்ட மாதிரி சில ஆண்டுகளில் பழசாகிறது, அதை இயக்கிய சில்லும் அவ்வாறே. கழிவு மட்டும் எந்தப் பயனால் விளைந்தது என்று பிரித்தறிய முடியாமல் நிலைத்து நிற்கிறது. போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் தலைமுறைகளுக்கிடையிலான நீதி என்பதைத் தனிப்பகுதியாகவே பேசியது. 2025 ஜனவரியில் வத்திக்கானின் இரு துறைகள் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட ஆவணம் அதன் மின்சார, நீர்ச் செலவையும் பூமியின்மீது அது ஏற்றும் சுமையையும் கவலையோடு குறிப்பிட்டது. ஆனால் சமய ஆவணங்களின் எச்சரிக்கைக்கும் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் நடைமுறைக்கும் இடையே பாலம் இன்னும் கட்டப்படவில்லை.

அந்த நடைமுறையில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, கடனை அடைக்க ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அணுமின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கை மின்நிறுவனங்கள் கழிவு நிதிக்குச் செலுத்தி வந்தன. கழிவை எங்கே வைப்பது என்ற திட்டமே அரசிடம் இல்லாதபோது அத்தொகையை வாங்குவது முறையன்று என்று நீதிமன்றம் கூற, 2014 மே மாதத்தில் கட்டணம் பூஜ்யமாக்கப்பட்டது. சேர்ந்திருக்கும் 4,000 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதி செலவழிக்க இடமின்றி இருக்கிறது. நீதிமன்றத்தின் தருக்கம் மின்நிறுவனங்களைப் பொறுத்தவரை நியாயமானது, பின்வருவோரைப் பொறுத்தவரை தலைகீழானது: கடனைத் தீர்க்கும் வழி தெரியாததால் கடனுக்கென எடுத்துவைப்பதும் நின்றுவிட்டது. 835 மெகாவாட் உலை ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் இயங்கினால் பழைய வீதப்படி ஏறத்தாழ 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டியிருக்கும். இந்தத் தொகை அந்நிறுவனங்களுக்கு ஒரு பொருட்டே அன்று. என்றாலும் அது கேட்கப்படவில்லை. இடம் தேரும் பணியை மீண்டும் தொடங்கிக் கட்டணத்தை உயிர்ப்பிப்பதே அரசு செய்ய வேண்டிய முதற்காரியம். தரவு மையங்களுக்கென்றே திறக்கப்படும் உலைகளுக்கு வீதத்தை உயர்த்துவதும் தகும்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் இடமே மூடப்பட்டிருக்கிறது. திரீ மைல் ஐலண்டின் முதல் உலைக்கு உள்ள உரிமம் 2034 வரை செல்லும். அதைக் குறைந்தது 2054 வரை நீட்டிக்கக் கோரப்போவதாகக் கான்ஸ்டலேஷன் அறிவித்திருக்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒழுங்குமுறை ஆணையம் தயாரிக்கும் சுற்றுச்சூழல் ஆய்வில் அந்த மின்சாரம் தேவையா என்ற ஆய்வு இடம்பெற வேண்டியதில்லை என்பது அவ்வாணையத்தின் விதி. அதை மாநிலங்களும் மின்நிறுவனங்களும் முடிவு செய்துகொள்ளும் என்பது விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். பென்சில்வேனியாவோ 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மின்னுற்பத்தியைச் சந்தைப் போட்டிக்கு விட்டுவிட்ட மாநிலம். கழிவு நெடுங்காலம் நிலையத்திலேயே தங்கினால் என்னாகும் என்ற கேள்வியும் 2014இல் பொது விதியொன்றால் நாடு முழுமைக்கும் ஒரே விடையாகத் தீர்க்கப்பட்டதால், தனித்தனி உரிம விசாரணையில் எழுப்ப இயலாததாகிவிட்டது. எதற்காக இந்த மின்சாரம் என்பதும், அது விட்டுச்செல்வதை யார் சுமப்பார் என்பதும் ஆகிய இரண்டையும் விசாரணைக்குள் மீண்டும் கொண்டுவர ஆணையம் தன் விதிகளைத் திருத்தினாலே போதும், புதிய சட்டம் வேண்டியதில்லை. ஆனால் உரிம நீட்டிப்பு முடிவாவதற்குள் அதைச் செய்தாக வேண்டும்.